தோழி இல்லாத வீடு

'ஆர்க்கேஞ்சல்' எபிசோடை முதல்முறை பார்த்தபோது நான் அம்மாவின் பக்கம் இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்ணுடல் மீதான கண்காணிப்பு பற்றி வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுகிறவள், அதைப் பற்றிக் கவிதையும் எழுதியவள், விடுமுறைக்கு வந்திருந்த மகளோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, "பாரு, இந்தப் பொண்ணு எவ்வளவு கூசாம பொய் சொல்றா" என்றேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை. எபிசோட் முடிந்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "ஒரு நாளைக்கு எத்தனை தடவைம்மா என் லொகேஷன பாக்குற?" என்று கேட்டாள்.

"எப்பவாவதுதான். ரெண்டு தடவை இருக்கும்" என்றேன்.

நானும் கூசாமல்தான் சொன்னேன்.

'பிளாக் மிரர்' 2011 டிசம்பரில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் தொடங்கியது. சார்லி புரூக்கர் உருவாக்கிய தொடர். மூன்றாவது சீசனிலிருந்து, அதாவது 2016 முதல், நெட்ஃப்ளிக்ஸில் வருகிறது. 2025இல் ஏழாவது சீசன் வந்தது. ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை. முன்கதை தெரியாமல் எதையும் எடுத்துப் பார்க்கலாம். தலைப்பில் உள்ள கறுப்புக் கண்ணாடி வேறொன்றும் இல்லை, அணைந்துகிடக்கும் நம் போன் திரை. அதில் நம் முகமே மங்கலாகத் தெரியுமல்லவா, அதுதான்.

இந்தத் தொடரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'தொழில்நுட்பம் நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறது' என்ற கேள்வியோடு முடித்துக்கொள்கிறார்கள். அந்த 'நம்மை'யில்தான் எனக்குத் தகராறு. தொடரில் வரும் கருவிகள் எல்லாரையும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. எந்தக் கருவி வந்தாலும் ஒரு பெண்ணின் ஞாபகமோ உடம்போ யாரோ ஒருவர் கைக்கு எட்டுகிற தூரத்துக்கு வந்துவிடுகிறது. வைத்துக்கொள்கிறவர் பெரும்பாலும் அதற்கு அன்பு என்று பெயர் சொல்கிறார். எல்லா எபிசோடுகளையும் பற்றி நான் எழுதப்போவதில்லை. இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு சிலவற்றைத் தொட்டுவிட்டு, என்னைத் தூங்கவிடாத ஆர்க்கேஞ்சலுக்கு வருகிறேன்.

முதல் சீசனில் 'தி என்டயர் ஹிஸ்டரி ஆஃப் யூ'. ஜெஸ்ஸி ஆம்ஸ்ட்ராங் எழுதியது. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு சிறு கருவி. பார்த்தது, கேட்டது எல்லாம் அதில் பதிவாகும். வேண்டும்போது ஓட்டிப் பார்க்கலாம், சுவரில் போட்டு நாலுபேருக்கும் காட்டலாம். லியாம் என்ற இளம் வழக்கறிஞர், ஒரு விருந்தில் தன் மனைவி ஃபியோன் இன்னொருவனைப் பார்த்த பார்வையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறான். எந்தச் சிரிப்புக்கு அவள் அதிகம் சிரித்தாள் என்று கணக்கெடுக்கிறான். கடைசியில் அவளுடைய ஞாபகத்தையே திரையில் போட்டுக்காட்டச் சொல்லி நிற்கவைக்கிறான்.

கதையின் பொறி எங்கே இருக்கிறது என்றால், அவன் சந்தேகம் உண்மையாகிவிடுகிறது. அவள் மறைத்தது நிஜம். உடனே பார்க்கிறவர்களின் பேச்சு 'அவள் செய்தாளா இல்லையா' என்பதற்குப் போய்விடுகிறது; 'அவன் அவளை என்ன செய்தான்' என்பது காணாமல் போகிறது. என் வகுப்பிலும் அதுதான் நடந்தது. அரைமணி நேரம் ஃபியோனின் ஒழுக்கத்தை அலசினோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, "மேம், அந்த இன்னொரு பொண்ண பத்தி யாருமே பேசலையே" என்றாள். ஹாலம் என்ற பெண்ணைச் சொன்னாள். ஹாலமின் கருவியை யாரோ திருடுவதற்காக அறுத்து எடுத்துவிட்டார்கள். அவள் திரும்ப வைத்துக்கொள்ளவில்லை; இல்லாமல் இருப்பதே பிடித்திருக்கிறது என்கிறாள். பின்னால், லியாம் ஒருவனை அடித்துத் துவைக்கும்போது அவள்தான் காவல்துறைக்குப் போன் செய்கிறாள். கண்ணால் பார்த்ததன் பதிவைக் கேட்கிறார்கள். தன்னிடம் கருவி இல்லை என்கிறாள். இணைப்பு துண்டிக்கப்படுகிறது. சில நொடிகளில் கடந்துபோகும் காட்சி. எழுதியவர் எவ்வளவு யோசித்து வைத்தாரோ தெரியவில்லை. ஆனால் 'ஆதாரம் இருக்கா?' என்று கேட்டுத் திருப்பியனுப்பப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் அந்த எபிசோடில் அதுதான் முதல் காட்சி.

2014 கிறிஸ்துமஸுக்கு வந்த 'ஒயிட் கிறிஸ்துமஸ்' சிறப்பு எபிசோடில் கிரெட்டா என்ற பணக்காரப் பெண் தன் மனதின் நகல் ஒன்றை எடுத்து, முட்டை வடிவப் பெட்டி ஒன்றில் போட்டு வீட்டில் வைத்துக்கொள்கிறாள். அந்த நகலுக்கு எல்லா ஞாபகமும் உண்டு. தான்தான் கிரெட்டா என்று அது நினைக்கிறது. அதன் வேலை, எஜமானிக்குப் பிடித்த பதத்தில் ரொட்டி வாட்டுவது, காலையில் எழுப்புவது, நாள்குறிப்பைப் பார்த்துக்கொள்வது. மாட்டேன் என்கிறது. பயிற்சி கொடுக்க வந்த மேட் அலட்டிக்கொள்வதில்லை, நேரத்தை ஓட்டுகிறான். அவனுக்குச் சில நொடி, அவளுக்கு மூன்று வாரம். ஒன்றுமே இல்லாத வெள்ளை அறை. அப்போதும் மசியாததால் ஆறு மாதம். திரும்பி வரும்போது, ஏதாவது வேலை கொடு என்று கெஞ்சுகிறாள். வீட்டுவேலைக்கு ஒரு பெண் எப்படிப் பழக்கப்படுகிறாள் என்பதை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் பார்த்ததில்லை. வேலை வாங்குகிறவளும் பெண், செய்கிறவளும் அவளே. காலையில் ரொட்டி சரியான நிறத்தில் வந்ததும் அசல் கிரெட்டா நிம்மதியாகச் சாப்பிடுகிறாள். அன்று மாலை பாத்திரம் துலக்க வந்த அக்காவிடம் ஒரு டம்ளர் காபி அதிகமாகப் போட்டுக் கொடுத்தேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

'யுஎஸ்எஸ் காலிஸ்டர்' எல்லோரும் கொண்டாடும் எபிசோட். 2018இல் எம்மி விருதுகளும் வாங்கியது. அலுவலகத்தில் மதிப்புக் கிடைக்காத டேலி, உடன் வேலைசெய்கிறவர்களின் மரபணுவைத் திருடித் தன் கணினி விளையாட்டுக்குள் அவர்களுடைய நகல்களைச் சிறைவைக்கிறான். புதிதாக வந்த நானெட் பணிய மறுத்ததும் அவள் முகத்தையே வழித்துவிடுகிறான். கண், மூக்கு, வாய் எதுவும் இல்லை, மூச்சுவிட வழியில்லை. அவள் தப்பிப்பதைத்தான் கைதட்டிப் பார்க்கிறோம். எனக்கு உறுத்தியது, தப்பிக்க அவள் பிடிக்கும் கயிறு. வெளியே இருக்கும் அசல் நானெட்டை உதவிக்கு இழுக்க, அவளுடைய அந்தரங்கப் புகைப்படங்களை வெளியிட்டுவிடுவேன் என்று நகல் நானெட் மிரட்டுகிறாள். தன் அவமானத்தைக் கொண்டு தன்னையே மிரட்டுகிறாள்! நம் ஊர்ப் பெண்கள் எத்தனை பேரை இந்த ஒரு மிரட்டல் விழுங்கியிருக்கிறது. திரைக்கதை அதை ஒரு சாமர்த்தியமாக வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுகிறது.

இதற்குப் பக்கத்தில் 'பி ரைட் பேக்' எபிசோடை வைத்துப் பாருங்கள். 2013இல் வந்தது. காதலன் ஆஷ் விபத்தில் இறந்துவிட, அவன் இணையத்தில் விட்டுச்சென்ற சொற்களிலிருந்து அவன் பேச்சையும், பிறகு அவன் உடலையும் செய்து மார்த்தாவுக்கு அனுப்புகிறார்கள். அவள் கர்ப்பிணி. வந்தவன் எதைச் சொன்னாலும் கேட்கிறான். எதிர்த்துப் பேசாத, கோபப்படாத, போ என்றால் போகிற ஆண். டேலிக்கு இப்படி ஒன்று கிடைத்தபோது அது சொர்க்கம். மார்த்தாவால் ஒரு வாரம்கூடத் தாங்க முடியவில்லை. மலைவிளிம்புக்குக் கூட்டிப்போய்க் குதி என்கிறாள்; சரி என்கிறான். ஆஷாக இருந்தால் பயந்து அழுதிருப்பான் என்கிறாள். உடனே அழ ஆரம்பிக்கிறான். அடுத்து அவளுடைய அலறல். கீழ்ப்படிதலில் பெண்ணுக்கு ருசி இல்லை என்று பொதுவாகச் சொல்ல நான் வரவில்லை, கிரெட்டா இருக்கிறாள். ஆனால் நேசித்தவனிடம் அவளுக்கு வேண்டியிருந்தது அவளுக்கு எட்டாத ஒரு மூலை. இறந்தவனிடம் அது இருந்தது. செய்து அனுப்பியவனிடம் இல்லை.

இந்த எட்டாத மூலையைத்தான் ஆர்க்கேஞ்சலின் அம்மா மகளிடம் விட்டுவைக்கவில்லை.

2017 இறுதியில் வந்த இந்த எபிசோடை இயக்கியவர் ஜோடி ஃபாஸ்டர். பிளாக் மிரரில் ஒரு பெண் இயக்கிய முதல் எபிசோட் இது, எழுதியவர் புரூக்கர்தான். மரீ தனியாகக் குழந்தை வளர்க்கும் அம்மா. மூன்று வயது சாரா ஒரு நாள் பூங்காவில் பூனையின் பின்னால் போய்க் காணாமல் போகிறாள். கிடைத்துவிடுகிறாள். ஆனால் அந்தச் சில நிமிடங்களின் பயம் மரீயை விட்டுப் போவதில்லை. குழந்தையின் தலைக்குள் ஒரு சில்லு வைக்கச் சம்மதிக்கிறாள். அம்மா கையில் ஒரு டேப்லெட். மகள் எங்கே இருக்கிறாள், உடம்பு எப்படி இருக்கிறது, அவள் கண் இப்போது எதைப் பார்க்கிறது, எல்லாம் அதில் தெரியும். கூடவே ஒரு வடிகட்டி: குழந்தையைக் கலங்கவைக்கக்கூடியது எதுவானாலும் அவள் கண்ணுக்கு மங்கலாகிவிடும். குரைக்கும் நாய் மங்கல். தாத்தா கண்முன்னே சரிந்து விழும்போது மங்கல். கல்லறையில் அம்மா அழுதால் அம்மாவின் முகமும் மங்கல். பிள்ளைகள் முன்னால் அழாதே என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களே, அதை எந்திரத்தில் செய்தால் இப்படித்தான் இருக்கும். இரத்தம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அந்தக் குழந்தை பென்சிலால் தன் கையையே குத்திக்கொள்கிறது. இரத்தம் வருகிறது, அவளுக்குத் தெரிவது கட்டம் கட்டமான மங்கல்தான்.

மரீ பயந்துபோய் டேப்லெட்டை அணைத்து மேலே எடுத்து வைக்கிறாள். இந்த இடத்தில் அவள்மேல் எனக்கு மதிப்பு வந்தது. பல வருடம் அதைத் தொடுவதில்லை. சாராவுக்கு 15 வயதாகும்போது, தோழி வீட்டில் சினிமா பார்ப்பதாகச் சொல்லிப் போனவள் சொன்ன இடத்தில் இல்லை. மணி ஆகிறது, போன் எடுக்கவில்லை. மரீ டேப்லெட்டைத் தேடி எடுக்கிறாள். பார்க்கக்கூடாததைப் பார்க்கிறாள். அன்றோடு நிறுத்துவதில்லை. அந்தப் பையனைத் தேடிப்போய்ப் பதிவைக் காட்டி மிரட்டி விலக்குகிறாள். பிறகு ஒரு நாள் டேப்லெட் மகள் கர்ப்பம் என்கிறது. மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மாத்திரையைப் பொடித்து அவள் காலையில் குடிக்கும் பானத்தில் கலந்துவிடுகிறாள்.

இங்கே எபிசோடின் ஒரு பிழையைச் சொல்லாமல் போக முடியாது. அது அவசர கருத்தடை மாத்திரை என்றும், அதனால் கர்ப்பம் கலைந்துவிட்டது என்றும் பள்ளி நர்ஸ் சொல்வதாக வருகிறது. அந்த மாத்திரை அப்படி வேலை செய்வதில்லை. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போட்டுக் கர்ப்பம் உண்டாகாமல் தடுப்பது அதன் வேலை. உண்டாகிவிட்ட கர்ப்பத்தை அது கலைக்காது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசிப் பேசியே இந்த மாத்திரையைப் பெண்களிடமிருந்து தள்ளிவைக்கப் பார்ப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலேயே மருந்துக்கடையில் இதைக் கேட்டுப் பார்த்த பெண்களுக்குக் கிடைக்கும் பார்வை தெரிந்ததுதான். ஓர் அம்மாவின் அத்துமீறலைக் காட்டவந்த கதை, அத்தனை கோடிப் பேருக்கு ஒரு பொய்யையும் சேர்த்தே ஊட்டிவிட்டது. இயக்கியவர் பெண் என்பதால் எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்.

நான் சங்க இலக்கியம் நடத்துகிறவள். எதைப் பார்த்தாலும் கடைசியில் அங்கே போய் நிற்பது தொழில் கோளாறு. இந்த முறை நிற்பதற்கு இடம் இருந்தது. அகப்பாடல்களின் வீட்டிலும் கண்காணிப்பு உண்டு. மகளின் நடையில், மெலிவில், கண்ணில் மாற்றம் தெரிந்ததும் வாசலைத் தாண்டவிடாமல் வைத்துக்கொள்வார்கள். இற்செறிப்பு என்று அழகான பெயர், வீட்டுச்சிறைதான். ஊர் தன் பங்குக்கு அலர் தூற்றும். ஆகவே அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கி மரீக்குப் பாடம் எடுக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் அந்த வீட்டில் தாய்க்கும் மகளுக்கும் நடுவில் ஒருத்தி நின்றாள். தோழி. அவளுக்கு எல்லாம் தெரியும். தாயின் கண்ணுக்குப் படாமல் மறைப்பாள், பொய் சொல்வாள், நேரம் பார்ப்பாள். மகள் மெலிவதைக் கண்டு முருகன் அணங்கினான் என்று நம்பித் தாய் வேலனை அழைத்து வெறியாடவைத்தால், தோழி மனதுக்குள் சிரித்துக்கொள்வாள். இனி மறைத்தால் மகளுக்குக் கேடு என்கிற கணத்தில் அவளே வாயைத் திறப்பாள். அதற்கு இலக்கணம் வைத்த பெயரைப் பாருங்கள்: அறத்தொடு நிற்றல். எப்போது சொல்வது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்காக முடிவெடுப்பதை நம் இலக்கணம் அறம் என்று அழைத்திருக்கிறது.

ஆர்க்கேஞ்சலில் அந்த இடத்தில் டேப்லெட் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் எல்லாம் தெரியும். ஆனால் அதற்கு நேரம் பார்க்கத் தெரியாது, பாதி சொல்லி மீதியை வைத்துக்கொள்ளத் தெரியாது. சாராவுக்குத் தோழிகள் பெயரளவில் உண்டு. ஒருத்தியின் வீட்டைச் சாக்காகச் சொல்லித்தான் அன்று போனாள். மரீயின் பக்கமும் யாரும் இல்லை. அப்பா போன பிறகு, 'ஏம்மா, பொண்ணுகிட்ட நேரா கேளேன்' என்று சொல்ல ஓர் அக்கா, ஒரு பக்கத்து வீட்டுக்காரி அவளுக்கு இல்லை. கதை இதைக் குறையாகச் சொல்லவில்லை. தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்ணின் பயத்தை வைத்து ஒரு நிறுவனம் பொருள் விற்கிறது என்பதையும் லேசாகத் தொட்டுவிட்டு, பழி முழுவதையும் அவள் தலையில் இறக்கிவைத்துவிடுகிறது.

குப்பையில் மாத்திரை அட்டையைக் கண்டெடுத்த சாரா, அந்த டேப்லெட்டாலேயே அம்மாவை அடிக்கிறாள். அடிக்கிற வேகத்தில் வடிகட்டி திறந்துகொள்கிறது. அம்மாவின் முகமும் இரத்தமும் அவளுக்கு மங்கல். எவ்வளவு அடித்தோம் என்று தெரியாமல் அடித்துக்கொண்டே இருக்கிறாள். டேப்லெட் உடைந்த பிறகுதான் முகம் தெரிகிறது. போய்விடுகிறாள். மரீ எழுந்து, உடைந்த டேப்லெட்டும் கையுமாகத் தெருவில் நின்று மகள் பெயரைக் கத்துகிறாள். சாரா வழியில் ஒரு லாரியில் ஏறுகிறாள்.

உடன்போக்கு என்று எழுதத் தோன்றியது. ஆனால் உடன் யாரும் இல்லை. நம் பாலைத்திணையில் மகளைத் தேடிப்போகும் செவிலி, எதிரே வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்பாள், இப்படி ஒரு பெண்ணைப் பார்த்தீர்களா என்று. பார்த்தோம், போகட்டும் விடு, உலகம் அப்படித்தான் என்று அவர்கள் தேற்றி அனுப்புவார்கள். மரீ யாரிடமும் கேட்பதில்லை. டேப்லெட்டில் பார்த்தே பழகியவளுக்கு மனிதர்களிடம் கேட்கலாம் என்பது மறந்துபோயிருக்கிறது.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று மகள் கேட்கலாம். அவள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சேர்ந்த அன்றே இரண்டு பேரும் பேசி லொகேஷன் பகிர்வை வைத்துக்கொண்டோம். போன வருடம் ஒரு மாலை, நீலப் புள்ளி தெரியாத தெருவில் நின்றது. எட்டரை மணி. இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. விடுதி வார்டனை அழைத்துவிட்டேன். சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன்: என் மகள் அறைத்தோழியோடு ஒரு பெண் மருத்துவரின் கிளினிக்கில் இருந்தாள். அந்தப் பெண் யாரிடமும் சொல்லாதே என்று என் மகளிடம் மட்டும் சொல்லி, கூட வரச் சொல்லியிருக்கிறாள். என் ஒரு போன்காலில் வார்டனுக்குத் தெரிந்தது. வார்டன் வழியாக அந்தப் பெண்ணின் வீட்டுக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் அவள் அப்பா வந்து, பெட்டி படுக்கையோடு அழைத்துக்கொண்டு போனார். அந்த செமஸ்டர் தேர்வுக்கு அவள் வரவில்லை.

அகத்திணை நடத்துகிற நான், நிஜத்தில் ஒரு தோழி அறத்தொடு நின்றுகொண்டிருந்த இடத்தில் புகுந்து அதைக் கலைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க அந்தப் பெண்ணின் எண்ணை மகளிடம் கேட்டேன். தரவில்லை. அது அவளுடைய உரிமை.

ஆனால் மகள் லொகேஷனை மட்டும் இன்றுவரை அணைக்கவில்லை. எபிசோட் பார்த்த அன்று இரவு, ஏன் அணைக்கவில்லை என்று கேட்டேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஆஃப் பண்ணினா நீ நேரா வார்டனுக்குத்தானேம்மா போன் பண்ணுவ."